ஒரு பத்திர எழுத்தர் கேட்ட ஹைடன்: 33 சிடிப் பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மெட்டுக்காக இந்தப் பெட்டியை வாங்கினேனோ, அந்த மெட்டு இதில் இல்லை.

எங்கள் கோயிலில் ஆங்கில ஆராதனையில் ஒரு ஞானப்பாட்டு உண்டு. பாட்டுப் புத்தகத்தில் மெட்டின் பெயர் 'ஆஸ்திரியா' என்றும், பக்கத்தில் ஹைடன் என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆல்டோ வரிசையில் நின்று முப்பது வருஷமாகப் பாடியிருக்கிறேன், ஹைடன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 1797-இல், ஆஸ்திரியாவை ஆண்ட ஃபிரான்ஸ் என்கிற பேரரசருக்காக, ஆஸ்திரிய இசையமைப்பாளரான அவர் போட்ட மெட்டாம். இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதமும் அதே மெட்டுதான். ஹைடனுக்கே அது பிடித்துப்போய், ஓபஸ் (படைப்பு எண்) 76-இன் மூன்றாவது குவார்டெட்டில் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். நாலு வாத்தியமும் முறை வைத்து அதே மெட்டை வாசிக்கும். ஆனால் அது குவார்டெட், நாலு பேர் வாசிப்பது. நான் வாங்கியது சிம்பொனிப் பெட்டி, பெரிய குழு வாசிப்பது. கிரயம் பேசுவதற்கு முன்னால் சொத்து விவரத்தை வாசியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். எனக்கே இப்படி.

பெட்டி இதுதான்: ஹைடனின் சிம்பொனிகள் முழுவதும், 33 சிடி, டெக்கா வெளியீடு. நடத்தியவர் அன்டால் டோராட்டி, வாசித்தது பில்ஹார்மோனியா ஹங்கேரிகா. எண் போட்ட 104, எண்ணுக்குள் வராமல் 'ஏ', 'பி' என்று எழுத்துப் போட்ட இரண்டு, இவற்றோடு சில சிம்பொனிகளின் மாற்று வடிவங்களும் சேர்த்திருக்கிறார்கள். பழையது விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். 'புதுசு போல' என்று போட்டிருந்தார்கள். வந்ததில் ஒரு தட்டு நடுவில் திக்கியது. புகார் எழுதினால், "எங்கள் பிளேயரில் நன்றாக ஓடியது மேடம்" என்று பதில். விட்டுவிட்டேன்.

அக்கா மகன் வீட்டுக்கு வந்தவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன சித்தி, இதெல்லாம் போன்லயே கிடைக்குமே. இதுக்குப் போய் காசு குடுத்திருக்கீங்க."

"கிடைக்கும்லா. எந்த வரிசையில கிடைக்கும்னு சொல்லு பாப்போம்."

அவனிடம் பதில் இல்லை. ஆனாலும் மறுவாரம் லேப்டாப்பில் சொருகும் சிடி டிரைவ் ஒன்று அவன்தான் வாங்கித் தந்தான். அதை ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொண்டேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எங்கள் கடை. அப்பா காலத்தில் தட்டச்சு, இப்போது கம்ப்யூட்டர். முகூர்த்த நாளில் மூச்சுவிட நேரமிருக்காது, மற்ற நாளில் மத்தியானம் ஈ ஓட்டுவோம். அந்த மத்தியானங்களில்தான், ஏழு மாசத்தில், 33 தட்டையும் கேட்டு முடித்தேன்.

வாசித்தவர்களின் கதையும் தெரிந்திருந்தால் கேட்பதற்கு இன்னும் ருசி. 1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்த இசைக்காரர்கள் வியன்னாவுக்குப் பக்கத்தில் சேர்ந்து அமைத்த குழு பில்ஹார்மோனியா ஹங்கேரிகா. பிறகு மேற்கு ஜெர்மனியில் மார்ல் என்கிற ஊர் அவர்களுக்கு இடம் கொடுத்தது. டோராட்டியும் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். 1969 தொடங்கி 1972 வரை, ராபின்ஸ் லாண்டன் என்கிற ஆய்வாளர் பிழை நீக்கிப் பதிப்பித்த சுரப் பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் வாசித்துத் தீர்த்தார்கள். 2001-இல் குழு கலைந்துபோயிற்று. ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி குடும்பமும் ஹங்கேரிப் பிரபுக் குடும்பம்தான். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்க்காரரின் கணக்கை எடுத்து எழுதியது மாதிரி எனக்குத் தோன்றியது.

இனி ஹைடனின் பத்திரத்துக்கு வருகிறேன். என் தொழில் புத்தி, அங்கேதான் போய் நிற்கும்.

1761 மே 1-ஆம் தேதி எழுதிய வேலை ஒப்பந்தம். 14 ஷரத்து. எழுதி வாங்குபவர் பிரபு பால் அன்டன் எஸ்டர்ஹாசி, எழுதிக்கொடுப்பவர் 29 வயது யோசப் ஹைடன். சம்பளம் வருஷத்துக்கு 400 குல்டன், மூணு மாசத்துக்கு ஒருதரம் தவணை. பதவி துணை இசைத் தலைவர்; மேலே வெர்னர் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளிகள் முன்னால் வாசிக்கும்போது சீருடை, வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, தலைக்குப் பவுடர். வாத்தியக்காரர்களுக்குள் சண்டை வந்தால் அதையும் இவரே தீர்க்க வேண்டும். தினம் காலையும் மத்தியானமும் முன்னறையில் வந்து நின்று, இன்றைக்கு இசை உண்டா இல்லையா என்று உத்தரவு கேட்க வேண்டும். அது ஐந்தாவது ஷரத்து. நாலாவதுதான் விஷம். பிரபு கேட்கும் இசையை எழுத வேண்டும், எழுதியதை வெளியார் யாருக்கும் காட்டவோ நகலெடுக்கவோ விடக்கூடாது, அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் எழுதக்கூடாது.

என் கடைக்கு இப்படி ஒரு பத்திரம் வந்தால், "தம்பி, இன்னொருதரம் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்பேன். ஹைடன் போட்டார். போட்டுவிட்டு என்ன செய்தார் என்பதைக் கேட்க, 6, 7, 8 மூன்றையும் போடுங்கள். வேலையில் சேர்ந்த வருஷமே எழுதியது. பெயர் காலை, நண்பகல், மாலை. 6-ஆவது மெதுவாகச் சூரியன் எழும்புவது போலத் தொடங்கும், உடனே புல்லாங்குழல் குதித்து வரும். ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல. குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க ஒரு இடம் வைத்திருக்கிறார். மினுவெட் என்கிற நடனப் பகுதியின் நடுவில் டபுள் பாஸ்காரருக்குக்கூட. ஆபீசில் புதுசாக வந்த அதிகாரி முதல் வாரமே பியூன் வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அந்த சாமர்த்தியம். மேலே பிரபுவுக்கும் திருப்தி, கீழே ஆட்களும் கைக்குள்.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. பால் அன்டன் 1762-இல் இறந்து, தம்பி நிக்கோலஸ் வந்தார். சம்பளத்தை 600 ஆக்கினார். அவருக்கு பாரிட்டன் என்கிற வாத்தியத்தில் பைத்தியம். முன்பக்கம் வில் போடுகிற தந்தி, பின்பக்கம் கட்டைவிரலால் மீட்டுகிற தந்தி. 1765-இல் ஹைடனுக்கு மெமோ வந்தது: இன்னும் மும்முரமாக எழுது, முக்கியமாக பாரிட்டனுக்கு எழுது என்று. இத்தனை எழுதிய மனிதருக்கு, வேலை பற்றாது என்று மெமோ! பாரிட்டன் மூவர் இசை மட்டும் 120-க்கு மேல் எழுதிக் குவித்தார். தன் படைப்புகளுக்குத் தானே ஒரு பதிவேடு போட ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். அது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். மெமோ வாங்கிய எந்த குமாஸ்தாவும் செய்கிற முதல் காரியம் அது.

இந்தப் பெட்டியில் பாரிட்டன் கிடையாது, குவார்டெட் 68-உம் கிடையாது, பியானோ, பூசை இசை, ஆப்பரா எதுவும் கிடையாது. சிம்பொனி மட்டும். அதற்கே 33 தட்டு.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1-இலிருந்து 104 வரை வரிசையாகக் கேட்டால் ஹைடன் வளர்வதைக் கேட்கலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஓரளவுக்குத்தான் சரி. எங்கள் தொழிலில் எழுதிய தேதி வேறு, பதிவு எண் வேறு. இந்த எண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டிசெவ்ஸ்கி என்பவர் அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் போட்டவை. 37 என்று எண் இருப்பது மிக ஆரம்ப காலத்தது. 72 எழுதியது 1760-களில், ஆனால் எண்ணோ எழுபதுகளின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே வரும்போது திடீரென்று இளம்பிள்ளை மாதிரி ஒரு சிம்பொனி வந்தால் குழம்பாதீர்கள்.

ஆள்மாறாட்டமும் உண்டு. எழுதுவது பிரபுவுக்கு மட்டும் என்று ஷரத்து இருந்தாலும் நகல்கள் எப்படியோ வெளியே கசிந்தன. ஹைடன் பெயர் ஐரோப்பாவில் விலைபோக ஆரம்பித்ததும், அச்சடிக்கிறவர்கள் வேறு ஆட்கள் எழுதியதற்கெல்லாம் ஹைடன் என்று பெயர் போட்டு விற்றார்கள். ஓபஸ் 3 என்று காலங்காலமாக அவர் கணக்கில் இருந்த ஆறு குவார்டெட்டும் ஹோஃப்ஸ்டெட்டர் என்கிற துறவியுடையது என்றுதான் இப்போது கருதுகிறார்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் வாங்கினால் இதுதான் கதி. 1779-இல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள், அந்த நாலாவது ஷரத்து போயிற்று. அதன்பிறகு அவரே வெளியீட்டாளர்களுக்கு நேரடியாக விற்றார். பாரிஸிலிருந்து ஆறு சிம்பொனி கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் 25 லூயி தங்க நாணயம். 82 முதல் 87 வரை அவைதான். 82-இன் கடைசிப் பகுதியில் அடியில் ஒரே சுரம் உறுமிக்கொண்டிருக்கும். கரடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏழு மாசத்தில் நான் அதிகம் திரும்பப் போட்ட தட்டு 45-ஆவது இருக்கும் தட்டு. 1772. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நிக்கோலஸ் சதுப்பு நிலத்தில் எஸ்டர்ஹாசா என்று பெரிய அரண்மனை கட்டி, கோடை முடிந்தும் ஊர் திரும்ப மனசில்லாமல் இருந்தார். வாத்தியக்காரர்களின் குடும்பம் பிரபுவின் பழைய அரண்மனை ஊரான ஐசன்ஸ்டாட்டில். லீவு கேட்க வேண்டியது தலைவர்; வெர்னருக்குப் பிறகு அது ஹைடன்தான். ஹைடன் மனு எழுதவில்லை. சிம்பொனி எழுதினார்.

கடைசிப் பகுதி படபடவென்று ஓடி, முடியப்போகிறது என்கிற இடத்தில் நின்று, மெதுவான வேறொன்று தொடங்கும். முதல் ஓபோவும் இரண்டாவது ஹார்னும் தங்கள் பங்கை வாசித்துவிட்டு எழுந்து போவார்கள். அப்புறம் பசூன். அப்புறம் மிச்சமிருக்கிற ஓபோவும் ஹார்னும். டபுள் பாஸ் கொஞ்சம் வேகமாக ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகும். செல்லோ போகும். அன்றைக்கு ஒவ்வொருவரும் போகும்போது தன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்களாம். சிடியில் மெழுகுவர்த்தி தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. கண்ணுக்கு வேலையில்லாததால், கீழே இருந்து ஒவ்வொரு தளமாகக் கழன்று போவதைக் காது எண்ணுகிறது. டபுள் பாஸ் போனதும் தரை இல்லாத வீடு மாதிரி இருக்கும். கடைசியில் ஒலி அடக்கிய இரண்டு வயலின். அவ்வளவுதான். ஒன்று ஹைடன், இன்னொன்று குழுவின் முதல் வயலின்காரர் தொமாசினி என்பார்கள். மறுநாள் பிரபு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

முதல்முறை இதைக் கேட்டபோது பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரையைப் பார்த்தபடி கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "என்னக்கா, சர்வர் போயிட்டா?" என்று கேட்டார் மூத்தவர்.

அந்தத் தனிமையில் இருந்ததால்தான் தான் புதுமையாக எழுத நேர்ந்தது என்று பிற்காலத்தில் ஹைடன் சொன்னதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைவிட ஒரு ரசீது முக்கியம். 45 எஃப் ஷார்ப் மைனரில், 46 பி மேஜரில். அந்தக் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. இப்படி அபூர்வமான சுருதிக்கு இடையில் தனியாக ஒரு குழாய்த் துண்டு செருக வேண்டும். 1772 அக்டோபரில் அரைச்சுரத் துண்டுகள் செய்து வாங்கியதற்கு ஹைடன் கையெழுத்திட்ட பில் இருக்கிறது. ஸ்டோர் இண்டென்ட் போட்டு வாங்கியிருக்கிறார். அழவைக்கிற சிம்பொனிக்குப் பின்னால் ஒரு இண்டென்ட்!

திக்கிய தட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதனால் வந்த ஒரு கூத்து. 60-ஆவது சிம்பொனி ஒரு மறதிக்கார மனிதனைப் பற்றிய நாடகத்துக்கு எழுதிய இசை, ஆறு பகுதி. கடைசிப் பகுதி ஜோராகக் கிளம்பிய கொஞ்சத்தில் சட்டென்று நின்று, வயலின்காரர்கள் சுருதி சேர்க்கிறார்கள். கர்புர் என்று. இந்தத் தட்டும் போச்சா என்று வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டேன். அதே இடத்தில் அதே கர்புர். அப்புறம்தான் விசாரித்தேன். வயலின்காரர்கள் கடைசித் தந்தியைச் சுருதி இறக்கி வைத்திருந்ததை மறந்துவிட்டு வாசிக்கத் தொடங்கி, நினைவு வந்து நிறுத்தி ஏற்றுகிறார்கள். ஹைடன் எழுதி வைத்த வேடிக்கை. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டு, காத்திருந்து என்னை ஏமாற்றியிருக்கிறார். 90-ஆவதிலும் இப்படி ஒரு பொய் முடிவு இருக்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால் பேர்போன 94-ஆவதின் மெதுவான பகுதியில் திடீரென்று வரும் 'டமார்' எனக்குப் பெரிதாகப் படவில்லை. வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

குறைகளும் சொல்ல வேண்டும். டோராட்டி மினுவெட்டை மெதுவாக நடத்துகிறார். நாட்டியம் ஆடுகிறவர்களுக்குக் கால் வலி மாதிரி. சில மத்தியானங்களில் மினுவெட் வந்ததும் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தேன், நஷ்டமில்லை. இன்னொன்று, இது இக்கால வாத்தியங்களை வைத்து, நிறைய வயலின்களோடு வாசித்தது. ஹைடனிடம் ஆரம்பத்தில் இருந்தது பதினைந்து பேர் போல ஒரு சின்னக் குழு. அந்தக் கூர்மை வேண்டுமென்றால் ஜோவான்னி அன்டோனினி நடத்துகிற தொடரைக் கேளுங்கள். ஹைடன் பிறந்து 300 வருஷம் ஆகும் 2032-க்குள் எல்லாவற்றையும் முடிப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் மிளகாய் தூக்கல். ஆடம் ஃபிஷர் என்பவர் ஐசன்ஸ்டாட் அரண்மனைக் கூடத்திலேயே 1987 முதல் 2001 வரை முழுத் தொகுப்பையும் பதிந்தார். அதில் கூடத்தின் எதிரொலி நன்றாக இருக்கும், ஆனால் தொடக்க காலப் பதிவுக்கும் பிற்காலப் பதிவுக்கும் வாசிப்பில் வித்தியாசம் தெரிகிறது. டோராட்டியிடம் அப்படி ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே கையெழுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை. தினம் கேட்க அதுதான் வசதி.

93-இலிருந்து வருவதெல்லாம் லண்டன். 1790-இல் நிக்கோலஸ் இறந்தார். வாரிசுக்கு இசையில் நாட்டமில்லை, குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு ஓய்வூதியம் உண்டு. சலமோன் என்கிற கச்சேரி ஏற்பாட்டாளர் நேரில் வந்து அழைத்துக்கொண்டு போனார். அப்போது ஹைடனுக்கு 58 வயது. எனக்கும் இப்போது அதே வயதுதான், நான் சென்னைக்குப் போவதற்கே இரண்டு நாள் யோசிப்பேன். இரண்டு தடவை போய் 12 சிம்பொனி எழுதினார். 1795 மே 4-ஆம் தேதி அவருடைய சொந்த ஆதாயத்துக்கு நடந்த கச்சேரியில் 104-ஆவதையும் வாசித்தார்கள். அன்றைக்கு ஒரு சாயங்காலத்தில் 4,000 குல்டன் கிடைத்ததாகவும், இங்கிலாந்தில்தான் இதெல்லாம் நடக்கும் என்றும் நோட்டில் எழுதி வைத்தார். முதல் பத்திரத்தின் சம்பளக் கணக்கில் அது பத்து வருஷச் சம்பளம். 104-ஐப் போடும்போது அந்தத் தொடக்கத்து முழக்கத்தில் எனக்குக் கேட்பது கொஞ்சம் அதுவும்தான்.

வாங்கலாமா என்றால், ஒரே மூச்சில் கேட்க நினைக்கிறவர்கள் வேண்டாம். தினம் ஒன்று என்று வைத்துக்கொள்கிறவர்கள் வாங்கலாம். 6, 7, 8-இல் தொடங்கி, 22-ஐ ஒருதரம் கேட்டு (ஹார்னும் இங்கிலீஷ் ஹார்னும் ஒன்றுக்கொன்று யோசித்து யோசித்துப் பேசும்), 45-க்குத் தாவுங்கள். முதல் தட்டிலிருந்து தொடங்காதீர்கள், ஐந்தாவதிலேயே பெட்டியை மூடிவிடுவீர்கள். பழையது வாங்குகிறவர்கள் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

மாற்று வடிவங்களில் 103-ஆவதின் பழைய முடிவும் இருக்கிறது. லண்டனில் எழுதியது. ஹைடன் முதலில் எழுதிய முடிவில், கடைசிக்குச் சற்று முன்னால் இசை வேறொரு பக்கம் ஒதுங்கி, யோசித்து, பிறகு திரும்பி வந்து முடியும். அந்தத் துண்டை அவரே அடித்துவிட்டார். எங்களிடம் பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலும் கடைசியில் 'அடித்தல் திருத்தல்' என்று கணக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அடித்தது என்ன என்று கட்சிக்காரர் வாசிக்க முடிய வேண்டும். இங்கே அதை வாசித்தே காட்டியிருக்கிறார்கள். இரண்டு முடிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அடித்தது சரிதான்.